ஐந்து பை சுண்ணாம்பு

தில்லைநாதன் பின்வளவுக்கு வருகிற ஆள் இல்லை. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, எல்லாம் அவருடைய சொந்தம். ஆனால் அந்தப் பன்னிரண்டு வீட்டுக் கழிவும் போய்ச் சேருகிற இடத்தை மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. அன்று சனிக்கிழமை காலை, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அவர் தொட்டிகளுக்கு நடுவே வருவதைக் கண்டதும், பாலேஸ்வரி அரித்துக்கொண்டிருந்த புட்டு மாவை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள்.

"தம்பி நிக்கிறாரோ, பிள்ளை?"

"மோட்டர் துடைக்கிறார். இருங்கோ ஐயா."

"இருக்கிறதுக்கு வரேல்லை. திங்கட்கிழமை காலமை கீரைக்காரச் சூசைதாசன் லேண்ட்மாஸ்டர் மெசினைப் பெட்டியோட கொண்டு வருவான். கழிவு காயப்போடுற இந்தப் பாத்தியில கிடக்கிறது அத்தனையும் அள்ளிக் குடுத்துப்போட வேணும்."

காற்று மோட்டருக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் சிவபாலன் எழும்பி வந்தான். முழங்கைவரை கிறீஸ்.

"அது பச்சை, ஐயா. பாத்தியில விட்டு ஆறு நாள்தான்."

"பச்சையோ பழமோ! கட்டிடத்தில மூண்டு பிள்ளையளுக்குச் செங்கமாரி. சனம் என்னை உரிச்சுத் தின்னுது. எல்லாம் உன்ர தொட்டியாலதான் எண்டு சொல்லினம். பாத்தி வெறுமையா இருக்க வேணும், இல்லையெண்டால் அறை வெறுமையா இருக்க வேணும். எதெண்டு நீங்களே முடிவெடுங்கோ."

இரண்டடி போனவர் திரும்பினார். "புதன்கிழமை உங்கட பொலிஸ் பதிவும் முடியுது. வீட்டுக்காரன்ர கையெழுத்து இல்லாமல் அவங்கள் கடதாசியைத் தொடவும் மாட்டாங்கள். நினைவிருக்கட்டும்."

நினைவில்லாமல் போகுமா? அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் மூச்சுவிடுவதே அந்தக் கடதாசியில்தான். கையெழுத்து இல்லையென்றால் விலாசம் இல்லை. விலாசம் இல்லையென்றால் அடுத்த சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சிவபாலனை மாசி மாதக் கடைசியில் ஒருமுறை ஏற்றிக்கொண்டு போய், பதினாறு நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். அப்போது விலாசம் இருந்தது. இருந்துமே பதினாறு நாள்.

சிவபாலன் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன். சண்டை வந்து தொழிற்சாலை மூடியது. ஊர் பறிபோனது. நாலு இடம் மாறி, கடைசியில் இந்தப் பின்வளவுக்கு வந்து சேர்ந்தான். முனிசிப்பல் குழாய் இந்தக் கட்டிடத்துக் கழிவை எடுக்காதபடியால் தில்லைநாதன் தானே மூன்று தொட்டியும் ஒரு மோட்டரும் போட்டிருந்தார். அதைப் பார்க்க ஆள் வேண்டும். சம்பளத்தோடு ரயில் பாதை ஓரமாக ஒரு அறை. மாடியில் அவனுக்கு 'கக்கூஸ் கொமிசனர்' என்று பட்டம். பாலேஸ்வரிக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு ஒருநாள், படிக்கட்டில் அந்தப் பட்டத்தைச் சொல்லிச் சிரித்த பெடியனைப் பிடித்து நிறுத்தி, "கொமிசனரிட்ட என்ன அலுவல் தம்பி? உங்கட வீட்டுச் சாமான் பத்திரமா வந்து சேர்ந்ததோ எண்டு கேக்க வந்தனியோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை.

தில்லைநாதன் போன கையோடு கீழ்வீட்டு றமீலா வந்தாள். முட்டாக்கு நழுவியதையும் கவனிக்காமல் வந்தாள். நோயான மூன்று பிள்ளைகளில் ஒன்று அவளுடைய மகன் அலவி. ஆறு வயது.

"அக்கா, கண்ணெல்லாம் மஞ்சள் தூள் பூசின மாதிரி ஈக்கிது. சோத்தக் கண்டா ஓங்காளிக்கிறான். நானா, மனச வச்சிச் சொல்லுங்க, இந்தத் தொட்டியாலதான் வந்திச்சா?"

சிவபாலன் கைகளைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினான்.

"தங்கச்சி, செங்கமாரி ஒரு வைரஸ். அது தனிய நீந்தித் திரியிற சாமான் இல்லை. எதையாவது பிடிச்சுக்கொண்டுதான் இருக்கும். முதல் தொட்டியில பாரமானது அடியில இறங்கும். ரெண்டாவதில காத்து அடிக்கிறன், அதில நல்ல கிருமியள் பெருகிப் பொருக்குப் பொருக்காத் திரளும். வைரஸ் அந்தப் பொருக்கில ஒட்டிக்கொள்ளும். மூண்டாவதில எல்லாம் மண்டியா அடியில படிஞ்சிடும். மேல தெளிஞ்ச தண்ணிக்குக் குளோரீன் போட்டுத்தான் கான் வாய்க்காலுக்கு விடுறன்."

"அப்ப வைரஸ் செத்துப் போகுதுதானே?"

"அதிலதான் எல்லாரும் பிழை விடுறது. தண்ணிக்குள்ள இருந்து எடுபட்டுப் போச்சு, அவ்வளவுதான். அநேகமானது சாகேல்லை. மண்டிக்குள்ள குடியிருக்கு. இடம் மாறினது வேற, செத்தது வேற."

"எங்களைப் போல," என்றாள் பாலேஸ்வரி, புட்டுக்குழலுக்குள் மாவைப் போட்டுக்கொண்டே.

றமீலாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த மண்டியைத்தான் பாத்தியில விடுறன்," என்றான் சிவபாலன். "நல்ல காய்ச்சல் வேணும் அதுக்கு. மூண்டு மாசம் வெயில் குடிச்சு, வெடிச்சு, மண் மாதிரி உதிர வேணும். அவசரமெண்டால் நீறாத சுண்ணாம்பு. அந்தச் சூட்டையும் காரத்தையும் எந்த வைரஸும் தாங்காது. அதுக்குப் பிறகு எடுத்துக்கொண்டு போகட்டும், நான் மறிக்கேல்லை. பச்சையா மட்டும் வெளியில விட மாட்டன். ஒருக்கா நான் இல்லாத நேரம்..."

சொல்ல வந்ததை நிறுத்திவிட்டான். பாலேஸ்வரிக்குத் தெரியும். பதினாறு நாள் கழித்து அவன் திரும்பி வந்தபோது பாத்தி துடைத்து வைத்ததுபோல வெறுமையாக இருந்தது. சூசைதாசன் பசளைக்குக் கேட்டான், குடுத்திட்டன் என்று தில்லைநாதன் சொன்னார். அடிபட்ட முதுகோடு நின்ற மனிதன் அன்று அதற்குமேல் கேட்கவில்லை.

"சரி, இப்ப சுண்ணாம்புக்கு எங்கை போறது?" என்றாள்.

"தெஹிவளையில ஒரு ஹாட்வெயார் கடை இருக்கு. ஐஞ்சு பை வேணும். நான் போட்டு வாறன்."

"நீங்கள் போனால் பையும் வராது, நீங்களும் வர மாட்டியள். நான் போறன்."

"பாலேஸ், அது பாரம்..."

"பாரத்தை ஓட்டோ தூக்கும். நீங்கள் புட்டைச் சாப்பிடுங்கோ."

றமீலாவின் கணவன் பௌஸி ஓட்டோ ஓட்டுகிறவன். மகனுக்காக என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தான். சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னும் இரண்டு கிழமை. காலி வீதி முழுக்கப் புடவைக் கடைகளும் சனமும், பிற்பகல் மழைக்குக் கறுத்துக்கொண்டிருந்த வானமும். கடைக்காரன் பைகளை இரட்டை உரப்பையில் போட்டு இறுக்கிக் கட்டி, "தண்ணி பட விடாதீங்க, கொதிக்கும்" என்று மூன்று தரம் சொன்னான்.

திரும்பி வரும்போது தடைமுகாமில் மறித்தார்கள்.

"அக்கா, நீங்க பேசாம இரிங்க, நான் பேசுறன்," என்று பௌஸி முணுமுணுத்தான். ஆனால் கோப்ரல் கேட்டது அவளிடம். பைகளைத் துவக்கு நுனியால் தட்டி, "மேக்கே மொனவாத?" என்றான். இதற்குள் என்ன?

"உணு, மாத்தயா," என்றாள் பாலேஸ்வரி.

சிங்களத்தில் சுண்ணாம்புக்கு ஹுணு. உண என்றால் காய்ச்சல். அவசரத்தில் ஹகரம் நாக்கிலிருந்து நழுவிவிட்டது.

"உண?" கோப்ரல் கண்களை விரித்தான். "உங்களுக்கா?"

"இல்லை. பைக்குள்ள."

"ஐந்து பைக்குள்ளும் காய்ச்சலா?"

மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் பையைத் தொட்டுவிட்டு நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். மண்டிக்குக் காய்ச்சல் குடுக்கத்தானே கொண்டுபோறம் என்று நினைத்தபோது பாலேஸ்வரிக்கே சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

கோப்ரல் சிரிப்பை முதலில் நிறுத்தினான். அடையாள அட்டையை வாங்கினான். பெயரைப் படித்தான், பிறந்த இடத்தைப் படித்தான். ஒரு பையைப் பிரித்து வெள்ளைக் கட்டிகளைப் பார்த்ததும், வெடிமருந்தோ என்று முகம் மாறியது. ஓட்டோவை ஓரங்கட்டச் சொன்னான். பௌஸி தன் அட்டையைக் காட்டி, மகனின் நோயைச் சொல்லி, கடைப் பில் துண்டையும் காட்டி மன்றாடினான்.

"நீ பேசாதே. அவள் சொல்லட்டும். சரியாகச் சொல்லட்டும். அது என்ன?"

எண்பத்திமூன்று கலவரத்தில் பாலேஸ்வரிக்குப் பதினெட்டு வயது. இதே வெள்ளவத்தையில், பஸ் தரிப்பில் அவளுடைய சின்னமாமாவை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள். பால்திய என்று வந்திருக்க வேண்டியது வால்திய என்று வந்தது. அந்த ஒரு எழுத்துக்கு மாமா முன்பற்கள் நாலையும் குடுத்தார். அதற்குப் பிறகு பாலேஸ்வரி கண்ணாடிக்கு முன்னால் நின்று மாதக்கணக்காகப் பழகினாள். பகரம், ஹகரம் எல்லாம் சிங்களப் பெண்கள்போல உருளும் அவள் வாயில். சந்தையில், பஸ்ஸில், பொலிஸில் அதுவரை ஒருநாளும் பிழை விட்டதில்லை.

"உணு," என்றாள்.

"ஹுணு. சொல்லு, ஹுணு."

"உணு."

பௌஸி கண்ணால் கெஞ்சினான். கோப்ரல் மூன்றாம் தரமும் கேட்டான்.

"சுண்ணாம்பு," என்றாள், ஒவ்வொரு எழுத்தாக, தமிழில்.

அதற்கு மூன்று மணித்தியாலம் வைத்துக்கொண்டார்கள். அதிகாரி வரவேண்டுமாம். பைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். இடி முழங்கிற்று. மழை வந்தால் என்ன நடக்குமென்று நினைத்து உரப்பைகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஒன்றும் செய்ய இல்லாததால் பௌஸியுடன் கதைத்தாள்.

"தம்பி, பிள்ளை வெளியில எதையும் வாங்கித் தின்னுறவனோ?"

"இல்லக்கா, றமீலா விடமாட்டா. வீட்டுச் சாப்பாடுதான். வல்லாரைய பச்சையா அரிஞ்ச சம்பல்னா உசுரு அவனுக்கு. சூசைதாசன் கேட்டில கொண்டாந்து தாற வல்லாரை. இந்தப் பங்குனி முழுக்க என்னமா கொழுத்து வந்திச்சி தெரியுமா, ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அளவு. ரெண்டாம் மாடி டீச்சரம்மாவும் அதத்தான் வாங்குவாங்க."

நோயான மற்ற இரண்டு பிள்ளைகளும் அந்த இரண்டாம் மாடி ஆசிரியையின் பிள்ளைகள். பாலேஸ்வரி வாய்க்குள் எண்ணினாள். மாசிக் கடைசியில் பச்சை மண்டி சூசைதாசனின் கீரைப் பாத்திக்குப் போனது. பங்குனியில் வல்லாரை கொழுத்தது. உடம்புக்குள் புகுந்து நாலு கிழமையில் கண் மஞ்சளாகும் என்று சிவபாலன் எத்தனை தரம் சொல்லியிருக்கிறான். அவளும் அதே வல்லாரையைத்தான் வாங்கினாள். பச்சைக்கீரை அடுப்பில் ஏறாமல் அவர்கள் வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு வராது. அவன் விடமாட்டான். வறையாக வறுத்தாள். தப்பினார்கள்.

"என்னக்கா, முகம் இப்படிப் போகுது?"

"ஒண்டுமில்லைத் தம்பி. மண்டி போன வழி தெரிஞ்சுபோச்சு."

அப்போதுதான் இளம் சிப்பாய் ஒருவன், தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு பிரித்த பையின் மேல் குனிந்தான். கரைத்துப் பார்க்கப் போகிறான். முகம் பைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. பாலேஸ்வரி யோசிக்கவில்லை.

"ஹுணு! ஹுணு! வத்துர தாண்ட எப்பா! அஸ் பிச்செனவா!"

தண்ணீர் ஊற்றாதே, கண் எரிந்துபோகும் என்று அவள் போட்ட கத்தலில் அவன் பின்னால் துள்ளினான். போத்தலிலிருந்து சிந்திய கொஞ்சம் தண்ணீர் ஒரு கட்டியில் விழுந்து, சீறி, புகைந்து, கட்டி பிளந்து பொரிந்தது. துவக்குகள் எல்லாம் எழும்பின. பிறகு அது வெறும் வெள்ளை மாவாக அடங்கியது.

கோப்ரல் அந்த மாவை விரல் நுனியால் தொட்டு, மணந்து பார்த்தான். வெற்றிலைக்கு எடுக்கிறதுதான். அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஹுணு என்று சொல்லத் தெரிந்திருக்கிறதே. அப்போது ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் சொல்லச் சொன்னபடியால்," என்றாள் நல்ல சிங்களத்தில்.

அவன் அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான். அதிகாரி வரும்வரைக்கும் காத்திருக்கவில்லை. கையை அசைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கிற்று. இரவு பெய்த மழைக்குத் தகரம் போட்டு மூடியிருந்தபடியால் பாத்தி தப்பியிருந்தது. கைகாலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, முகத்துக்குத் துணி கட்டி, சிவபாலன் சுண்ணாம்பைப் போடப்போட பாலேஸ்வரி மண்வெட்டியால் புரட்டினாள். மண்டி கொதித்தது. கறுப்புக் கூழிலிருந்து ஆவி எழும்பி, அமோனியா மணம் கண்ணைக் கரித்தது. மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அடித்துச் சாத்தப்பட்டன.

"கொமிசனருக்கு இண்டைக்குச் சீமெந்துத் தொழிற்சாலை ஞாபகம் வருதாக்கும்," என்றாள் இருமிக்கொண்டே.

"அங்கை எனக்கு உதவிக்கு ஆறு பேர். ஆறு பேரும் உம்மளவு வேலை செய்யேல்லை."

"சம்பளம் தந்தால் அவையும் செய்திருப்பினம்."

காரம் பார்க்கிற நிறக் கடதாசி அவனிடம் இரண்டு துண்டுதான் மிஞ்சியிருந்தது. ஒன்றைத் தோய்த்தான். கடும் நீலம். பன்னிரண்டு. இன்னொன்று நாளைக்கு, முழுதாக ஒருநாள் அந்தக் காரம் நின்றதா என்று பார்க்க. இடையில் பொறுமையில்லாமல் பாலேஸ்வரி மஞ்சள் பூசிய துணித் துண்டைத் தோய்த்துப் பார்த்தாள். ஆலத்தித் தண்ணீர்போலச் சிவந்தது.

"பாருங்கோ, செத்துப்போச்சு!"

"மஞ்சள் எட்டு ஒன்பதிலேயே சிவந்திடுமப்பா. அதை நம்பேலாது."

"உங்களுக்கு எதைத்தான் நம்பலாம்?"

"உம்மை," என்றான், மண்வெட்டியை வாங்கிக்கொண்டு. முகத்துணிக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன. அமோனியாவோ என்னவோ.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லேண்ட்மாஸ்டர் தடதடத்துக்கொண்டு பின் கேட்டில் வந்து நின்றது. சூசைதாசன் கொட்டாஞ்சேனைக்காரன். கழுத்தில் அந்தோனியார் சுருவப் பதக்கம். பாமன்கடைக் கானோரம் குத்தகைக் காணியில் கீரை போடுகிறவன். பின்னாலேயே தில்லைநாதன், மூக்கில் லேஞ்சியுடன்.

"அள்ளடா," என்றார்.

பாலேஸ்வரி பாத்தி வரம்பில் ஏறி நின்றாள். சேலையில், கையில், கண்ணிமையில்கூடச் சுண்ணாம்பு.

"சூசைதாசன் அண்ணை, அள்ளுறதுக்கு முதல் ஒண்டு கேக்கிறன். மாசிக் கடைசியில இஞ்சையிருந்து கொண்டுபோனதை எங்கை போட்டனீங்கள்?"

"வேற எங்க? வல்லாரைக்குத்தான்."

"அது காஞ்சதெண்டு ஆர் சொன்னது?"

"ஐயாதான். கொஞ்சம் ஈரமா இருக்கே ஐயான்னு கேட்டேன். மழை ஈரம், உள்ளுக்குப் பதமாயிட்டுன்னு சொன்னாரே."

"பதமாகேல்லை. அது பச்சை. இவரை ஆமி கொண்டுபோன கிழமை தொட்டியால எடுத்து விட்டது. அதுக்குள்ள இருந்தது சாகேல்லை. உங்கட வல்லாரை இலையில ஏறி, இந்தக் கேட்டால திரும்பி உள்ளுக்கு வந்து, அலவியின்ர கோப்பையிலயும் ரீச்சரின்ர பிள்ளையள்ட கோப்பையிலயும் சம்பலா இருந்திருக்கு. எங்கட கழிவை நாங்களே காசு குடுத்து வாங்கித் தின்டிருக்கிறம்."

மாடி ஜன்னல்கள் திறந்துகொண்டிருந்தன. றமீலா தன் கதவடியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கதை அளக்காதை, பிள்ளை!" தில்லைநாதனின் லேஞ்சி கீழே வந்துவிட்டது. "உனக்கு ஆர் டொக்டர் பட்டம் தந்தது?"

"தின்டவையைக் கேளுங்கோ ஐயா. பச்சையாத் தின்ட வீடு ரெண்டு. ரெண்டிலயும் செங்கமாரி. நாங்களும் அதே கட்டுத்தான் வாங்கினனாங்கள், வறுத்துத் தின்டம். எங்களுக்கு ஒண்டுமில்லை."

சூசைதாசன் இயந்திரத்தை நிறுத்தினான். சட்டென்று வந்த அமைதியில் கடல் இரைச்சல் கேட்டது.

"என்ட வீட்லயும் ரெண்டு புள்ளைங்க அதத்தானே திங்குது," என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு தில்லைநாதனைப் பார்த்தான். "நான் உங்கள நம்பித்தானே ஐயா ஏத்தினேன்."

"இப்ப இதை ஏத்து. இதுக்குத்தான் சுண்ணாம்பு போட்டிருக்கே."

"கொமிசனர் ஐயா சொல்லட்டும்," என்றான் சூசைதாசன். அந்தப் பட்டத்தை அவன் கேலியாகச் சொல்லவில்லை.

சிவபாலன் கடைசிக் கடதாசியைத் தோய்த்து வெளிச்சத்தில் பிடித்தான். நீலம் மாறவில்லை.

"வைரஸ் விழுந்திட்டுது. உடனை ஏத்தலாமெண்டுதான் முதல் நினைச்சனான், வல்லாரைக் கதைக்குப் பிறகு பயமாக் கிடக்கு; இது மூண்டு மாசம் இஞ்சையே கிடந்து காயட்டும். அதுக்குப் பிறகும் கீரைக்கு வேண்டாம், தென்னைக்குப் போடு. இப்ப நிக்கிற வல்லாரையைப் பிடுங்கித் தாட்டுப்போடு, அண்ணை. பிள்ளையளைக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டு."

சூசைதாசன் தலையாட்டினான். வெறும் பெட்டியுடன் லேண்ட்மாஸ்டர் திரும்பிப் போனது. தில்லைநாதன் மேலே பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலிலும் ஆட்கள். ரீச்சர் மூன்றாம் படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தில்லைநாதன் லேஞ்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியேறினார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பாலேஸ்வரி பதிவுப் படிவத்தை விரித்து வைத்தாள். சிங்களப் படிவம். ஒவ்வொரு முறையும் தில்லைநாதனே நிரப்புவார். தொழில் என்ற இடத்தில் சிவபாலனுக்குக் 'கூலி' என்றும் அவளுக்கு ஒரு கோடும் போடுவார்.

"உங்களுக்கு என்ன எழுத? கிருமி கொல்லுறவர் எண்டு போடவோ?"

"கொல்லுறது எண்ட சொல்லைப் பொலிஸ் கடதாசியில எழுதிப்போட்டு, பிறகு என்னை எங்கையெண்டு தேடுவீர்?"

"அப்ப இரசாயனம்?"

"அது அதைவிட மோசம்."

இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். பிறகு அவள் பேனையை இறுக்கிப் பிடித்து, இரண்டு பெயருக்கும் எதிரே, சிங்களத்தில், ஒரே தொழிலை எழுதினாள். கழிவைச் சுண்ணாம்பிட்டுச் சுத்தம் செய்தல். ஹுணுவின் ஹகரத்தை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, வட்டமாக, ஆற அமர எழுதினாள்.

மேல்மாடியில் தில்லைநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். பக்கத்து அறையில் அவருடைய வீட்டார் யாரோ தொலைபேசியில், ரீச்சர் முறைப்பாடு குடுக்கப் போறாவாம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பெண்சாதிக்கு எதுக்குத் தொழில்? வழமையா நான் கோடுதானே போடுறனான்."

"தெரியும் ஐயா. அதுதான் நானே எழுதினனான்."

"உது என்ன, இவ்வளவு பெரிய எழுத்து?"

"நல்லாப் பாருங்கோ," என்று பேனையை அவர் கைக்கு நீட்டினாள் பாலேஸ்வரி. "பிழை இருந்தால் சொல்லுங்கோ, திருத்திறன். இல்லையெண்டால் கையெழுத்தை வையுங்கோ."

அவர் தேடினார். பிழை இருக்கவில்லை.